வெள்ளாறு தாண்டிய பூனை

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் உறவில் யாரைக் கேட்டாலும் என் படிப்பு, வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் சொல்வார்கள். கடலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்த பிறகு மஞ்சக்குப்பம் வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து கண்காணிப்பதற்கு வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம்.

அந்தப் பூனை எங்களிடம் வந்தது ஒரு புயல் மழையில். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு கத்திய குட்டியை நான்தான் துண்டில் சுருட்டி உள்ளே கொண்டுவந்தேன். துடைத்துப் பார்த்தால் கருப்பும் செவலையும் கண்டபடி கலந்த உடம்பு. மூக்குக்கு இடப்பக்கம் முகம் முழுக்கக் கருப்பு, வலப்பக்கம் செவலை, நடுவில் கோடு கிழித்தது போல. முதுகில் கருகிப்போன அடை மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. பின்னங்கால் ஒன்றில் எல்லா விரலும் கருப்பாக இருக்க, ஒரே ஒரு விரல் மட்டும் செவலை. இங்கிலீஷ்காரன் இந்த நிறத்துக்கு ஆமை ஓட்டின் பெயரை வைத்திருக்கிறான். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. "கலப்படம்" என்றார்கள்.

ஞாயிறுதோறும் குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் மாமா, அம்மாவின் தம்பி, அதைப் பார்த்ததும் அப்பாவிடம் கேட்டார்: "இன்னா மச்சான், கருப்பு செவப்புன்னு கட்சிக் கொடி மாதிரி இருக்கு? எலெக்‌ஷன் வருதுன்னு புடிச்சாந்தீங்களா?"

மாமாவுக்குப் பூனை என்றில்லை, எந்த விஷயமானாலும் ஆதாரம் செல்போனில் இருக்கும். அடுத்த ஞாயிறு ஒரு வீடியோவோடு வந்தார். "பாருங்க, வெள்ளைக்காரனே சொல்றான். இந்த கலர் பூனைக்குத் திமிர் ஜாஸ்தி. யாருக்கும் அடங்காது. பொட்டைங்கதான் இந்த கலர்ல பொறக்குமாம்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பாவும் பார்த்தார். பூனை யாரையும் பார்க்கவில்லை. நெத்திலியைத் தின்றுகொண்டிருந்தது.

இந்த நிறத்தை நான் வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவள். பூனைக்குக் கருப்பு வருவதா செவலை வருவதா என்பதை முடிவு செய்கிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பூனைக்கு ஒரே ஒரு எக்ஸ். அதில் செவலை இருந்தால் செவலை, கருப்பு இருந்தால் கருப்பு. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ். ஒன்று கருப்பையும் மற்றது செவலையையும் கொண்டுவந்தால், தாய் வயிற்றில் கரு வளரத் தொடங்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றைப் பூட்டிவைத்துவிடும். எதைப் பூட்டுவது என்பதற்கு நியாயமோ ஜாதகமோ கிடையாது, சீட்டுக் குலுக்குவது போலத்தான். கருப்பைப் பூட்டிய செல்லின் சந்ததி பரவிய இடமெல்லாம் செவலை, செவலையைப் பூட்டிய இடமெல்லாம் கருப்பு. அதனால்தான் இந்த நிறத்தில் கிட்டத்தட்ட எல்லாமே பெண்ணாக இருக்கிறது. எப்போதாவது ஆண் பிறந்தால் அதற்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும், பெரும்பாலும் வாரிசு இருக்காது. சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கப்படுவதால் தாயும் மகளும்கூட ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள்.

ஒரு முறை வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மேம், மனுஷப் பொம்பளைங்களுக்கும் இப்படித்தானா?" என்று கேட்டாள். ஆமாம், நமக்கும் ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று பூட்டித்தான் இருக்கிறது, தோலில் இப்படித் தெரிவதில்லை அவ்வளவுதான் என்றேன். வகுப்பே தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

இதில் கோபம் எங்கே வந்தது? அந்த மரபணு மயிருக்குச் சாயம் பூசுகிறது. மண்டைக்குள் போய்த் திமிரைப் பூசியதாக யாரும் நிரூபிக்கவில்லை. பூனை வளர்க்கிறவர்களைக் கேட்டால் ஆமாம், இந்த நிறத்துக்கு வீறாப்பு அதிகம் என்பார்களாம். நாத்தனாரைப் பற்றி அண்ணியைக் கேட்டாலும்தான் பதில் வரும், அதை யாராவது விஞ்ஞானம் என்பார்களா? இதையெல்லாம் மாமாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாத்தீங்களா மச்சான், பூனையைப் பத்திச் சொன்னா இதுக்குக் கோவம் வருது" என்றார்.

இந்தச் சமயத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரோக்கருக்குக் கொடுத்த தாளில் நிறம் என்ற இடத்தில் அப்பா "மாநிறம்" என்று எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் மாநிறம் என்பது நிறம் அல்ல, ஒரு வேண்டுகோள். கருப்பே அழகு, காந்தலே ருசி என்று வாய் நிறையப் பழமொழி சொல்கிற அதே ஜனங்கள்தான், பெண் பார்க்க வரும்போது என் நெற்றியை விட்டுவிட்டு முழங்கையைப் பார்ப்பார்கள். முகத்தில் பவுடர் போடலாம், முழங்கையில் யாரும் போடுவதில்லை என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி வியாபாரிக் குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டபோது அதன் கால் பூனையின் வாலில் ஏறிவிட்டது. எந்த நிறப் பூனையாக இருந்தாலும் என்ன செய்யுமோ அதை அது செய்தது. அத்தையின் புறங்காலில் நான்கு கோடு. மஞ்சள் கொண்டுவந்து வைத்தோம், மன்னிப்புக் கேட்டோம், அவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள். பிறகு புரோக்கர் மூலமாகச் செய்தி வந்தது: பொண்ணு கொஞ்சம் கோவக்காரி போலத் தெரியுது. அன்று மாலை முழுக்க, காபி எடுத்துக்குங்க என்பதைத் தவிர நான் வாய் திறக்கவில்லை.

"பூனைய வச்சு வீட்ட எடை போட்டுட்டாங்க" என்றார் அப்பா, சோர்ந்துபோய். "இத்த எங்கனா கொண்டு போய் விட்டுறணும்."

அதிலிருந்து எங்கள் வீட்டு நிலவரம் இதுதான்: எனக்கு அந்தப் பூனை வேண்டும், அப்பாவுக்கு ஒரு மாப்பிள்ளை வேண்டும், இரண்டும் ஒரு வீட்டில் தங்காது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தனக்குப் பிறகு நான் தனியாகக் கிடப்பேன் என்று சில நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே கண் கலங்குவார். ஆனால் அம்மா போன பிறகு, கல்லூரி விட்டு வரும் நேரத்துக்கு எனக்காக வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது அந்தப் பூனை ஒன்றுதான். அதை நான் யாருக்காகவும் விடுவதாக இல்லை.

நான் கல்லூரிக்குப் போயிருந்த ஒரு பகலில் அப்பா அதைச் சாக்கில் கட்டி, ஸ்கூட்டரில் வைத்து, கெடிலம் பாலம் தாண்டித் திருப்பாப்புலியூர் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்தார். ஆறு தாண்டி விட்டால் பூனைக்கு வழி மறந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் அத்தனை பேரும் ஒப்புக்கொண்ட சாஸ்திரம். மறுநாள் சாயங்காலம் அது கால் முழுக்கச் சேறோடு திரும்பி வந்து, தட்டில் இருந்ததைத் தின்று முடித்து, நேராகப் போய் அப்பாவின் ஈஸிசேர் துணியைக் கிழித்தது.

"பாத்தியா அதோட கோவத்த!" என்றார் அப்பா, ஏதோ தான்தான் பாதிக்கப்பட்டவர் போல.

மாமா வந்து நோயைக் கண்டுபிடித்தார். "கெடிலத்துல தண்ணி எங்க மச்சான் இருக்கு? தண்ணி இருந்தாத்தான் ஆறு. இப்ப அது சும்மா மணல். பூனை ரோட்ட தாண்டுற மாதிரி தாண்டி வந்திருக்கு. விட்டா வெள்ளாறு தாண்டி விடணும். அங்க உப்புத்தண்ணி ஏறி எறங்கும். சத்தியமா திரும்பாது."

நான் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னேன். இனி பூனை மேல் கை பட்டால் நான் எவன் முன்னாலும் பட்டுப்புடவை கட்டி நிற்க மாட்டேன். ஸ்கூட்டர் சாவியையும் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்பா தலையை ஆட்டினார். அலுவலகத்தில் மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் ஆட்டி ஆட்டிப் பழகிய தலை, அதை நம்பியது என் முட்டாள்தனம்.

அதன்பிறகு சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பேங்க்கில் வேலை, கோயிலைச் சுற்றிய வீதிக்குப் பின்னால் சொந்த வீடு, பத்துக்கு எட்டுப் பொருத்தம். இனி அடுத்த சடங்கு விசாரிப்பது. இது தாம்பூலத் தட்டில் வைக்காத சடங்கு. பெண் வீட்டார் யாராவது ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் தெருவுக்குப் போய், இஸ்திரி வண்டிக்காரர், பெட்டிக்கடைக்காரர், எதிர்வீட்டில் பூத்தொடுக்கிற அம்மா என்று ஒவ்வொருவரிடமாகப் பையன் எப்படி, குடிப்பானா, அம்மாக்காரி எப்படி என்று ஊரார் வாயைப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டும். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஏதோ ஜவுளிக்கடையில் கொடுத்த பெரிய கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நான் பரீட்சைத்தாள் திருத்தப் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பூனை இல்லை. அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"பூனை எங்கப்பா?"

"இங்கதான் எங்கியாவது இருக்கும். எந்தக் கடுவன் பின்னாடியாவது போயிருக்கும்."

கருத்தடை ஆபரேஷன் செய்து நானே ஆட்டோவில் தூக்கி வந்த பூனை கடுவன் பின்னால் போய்விட்டது என்று ஒரு விலங்கியல் ஆசிரியையிடம் சொன்னார். நான் சண்டைக்குப் போனேன். "ஸ்கூட்டர் சாவி உங்கிட்டதான இருக்கு? நான் எத்துல கொண்டு போவேன்? மாப்பிள்ளைய விசாரிக்கப் போற எடத்துக்கு எவனாவது பூனையத் தூக்கிட்டுப் போவானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. எவனும் தூக்கிக்கொண்டு போக மாட்டான் என்று நானும் நம்பினேன்.

அந்த வாரமெல்லாம் தேடினேன். மீன் கடைகள், தேவனாம்பட்டினம் கடற்கரை, கெடிலத்தின் அக்கரை எல்லா இடத்திலும் செல்போனில் படத்தைக் காட்டிக் கேட்டேன். "இதாம்மா? இந்தா இருக்கே" என்று சாம்பல் பூனையைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அம்மாவுக்கு அழுததற்குப் பிறகு அப்படி அழுதது அப்போதுதான். சிதம்பரத்துக்காரர்கள் பார்க்க வரச்சொன்னபோது சண்டை போட என்னிடம் தெம்பு இல்லை. சரி என்றேன். அப்பா முகத்தில் வெளிச்சம் வந்தது.

இப்போதெல்லாம் பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்ப்பது நாகரிகம். சரிப்பட்டு வராவிட்டால் இரண்டு பக்கமும் சாமி கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்படியாக நாங்கள் பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாகச் சிதம்பரம் கோயிலுக்குத் தற்செயலாகப் போனோம். அவர்களும் தற்செயலாக அதே மண்டபத்தில், அதே நேரத்தில், மல்லிகைப்பூவோடு நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் முழங்கையைப் பார்த்துவிட்டு நடராஜரைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். எனக்கு ஆடலரசனைத் தவிர அங்கே வேறு யாரையும் பிடிக்கவில்லை.

"கோவம் வருமாம்மா உனக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எல்லாருக்கும் வர்ற அளவுக்கு வரும்" என்றேன். அப்பா பக்கத்தில் இருமினார்.

"கலர் கொஞ்சம் கம்மிதான்" என்று அவர் தன் பிள்ளையிடம் சொன்னது, மெதுவாகச் சொன்னதாக அவர் நினைத்தது, எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனாலும் மரியாதைக்காக, "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி சாப்ட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். அப்பா திடீரென்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அவருக்குப் பஸ் மீது அவ்வளவு அக்கறை எப்போதும் இருந்ததில்லை. கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான் என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கூடத்தில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா முதலில் காட்டியது வீட்டையோ பிள்ளையின் பதக்கங்களையோ அல்ல. "எங்க வீட்டு லட்சுமியப் பாக்குறீங்களா?" என்று கட்டிலுக்கு அடியில் கைவிட்டு ஒன்றை வெளியே இழுத்தார். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கேட்பார்கள் அல்லவா, அந்த அம்மா கட்டியிருந்தார். சிவப்புக் கயிற்றில் சலங்கை, நெற்றியில் குங்குமம். அந்தக் குங்குமத்துக்குக் கீழே இடப்பக்கம் கருப்பு முகம், வலப்பக்கம் செவலை முகம்.

"ஒரு ஞாயித்துக்கெழம தானா வந்துச்சுங்க. உங்க ஜாதகம் வந்த வாரம். கருப்பும் செவப்பும் அம்மனோட நெறம், வீட்ட விட்டு அனுப்பாதீங்கன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. வந்த நேரம், இவனுக்கு டிரான்ஸ்பர் நின்னு போச்சு. எவ்ளோ சாந்தம் தெரியுமா? வந்ததுலேருந்து ஒரு சத்தம் கெடையாது. தயிர்சாதம்தான். நாங்க மீன விட்டு வருஷமாச்சு."

நான் குனிந்து அதன் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். கருப்பு விரல்களுக்கு நடுவே ஒரே ஒரு செவலை விரல். அந்த முகமும் அந்த விரலும் இன்னொரு பூனைக்கு அமையாது என்று நான் பாடம் நடத்துகிறவள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் அந்த வீட்டு மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பிறகு அவர் வாயாலேயே தெரிந்துகொண்டது இது. விசாரிக்கவும் போகவேண்டும், வெள்ளாறும் தாண்டவேண்டும்; சிதம்பரம் போகிற வழியில்தான் வெள்ளாறு. இரண்டு தடவை எதற்கு அலைய வேண்டும் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்திருக்கிறார். பூனையைச் சாக்கில் கட்டி, சாக்கைக் கட்டைப்பைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு மாப்பிள்ளையின் தெருவெல்லாம் விசாரித்திருக்கிறார். பெட்டிக்கடைக்காரர் பையில் என்ன என்று கேட்டதற்குப் பண்ருட்டிப் பலாப்பழம் என்றாராம். பழம் கத்தியதும் விசாரணையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, தெருக்கோடியில் சாக்கை அவிழ்த்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். சிதம்பரத்தில் எத்தனையோ தெரு இருக்கிறது. அவர் மனசு பூராவும் அந்தத் தெருவில் இருந்ததால் வேறு இடம் தோன்றவில்லை.

பூனை அந்த அம்மாவின் கையிலிருந்து நழுவி என் மடியில் ஏறியது. முகத்தை என் முந்தானைக்குள் நுழைத்துக்கொண்டு, அந்த அம்மா மெச்சிய சாந்தத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. என் கை அதன் விலாவில் பட்டபோது எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

"பாருங்களேன்!" என்றார் அந்த அம்மா, கை தட்டாத குறையாக. "யாருகிட்டயும் போவாத பூனை! ஜோசியர் என்னங்க பொருத்தம் பாக்குறது, லட்சுமியே பாத்துடுச்சே! கலரு கெடக்குது கலரு. நாம ஆவணிலயே வச்சுக்கலாம்."

அப்பா மின்விசிறியிலிருந்து இறங்கி வந்தார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. இவ்வளவு வருஷம் எத்தனையோ பேரிடம் கெஞ்சியும் நடக்காத காரியம், அவர் சாக்கில் கட்டித் துரத்திய பூனையால் நடந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பேசாம இரும்மா, இதோ முடிஞ்சுது, என்ற பார்வை அது. பேசாமல் இருந்தால் பூனையும் கிடைக்கும், மாப்பிள்ளையும் கிடைப்பார். சொல்லப்போனால் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டுச் சொன்னார்: "கோவம் வரும்னு சொன்னியே. அதெல்லாம் இங்க வந்துட்டா அடங்கிடும். இதப் பாரு, எப்படி அடங்கி ஒடுங்கிக் கட்டிலுக்கடியிலயே கெடக்குது."

என்னால் முடியவில்லை.

"இது சாந்தம் இல்லீங்க, பயம்" என்றேன். "இது எங்க வீட்டுப் பூனை. தானா வரல. வெள்ளாறு தாண்டி விட்டா திரும்பி வராதுன்னு எங்கப்பாதான் சாக்குல கட்டிக் கொண்டாந்து உங்க தெருவுல விட்டுட்டுப் போயிருக்காரு. வழி தெரியாத ஊர்ல கொண்டாந்து விட்டா யாருமே ஒடுங்கித்தான் கெடப்பாங்க. எங்க வீட்டுல இருந்தப்ப இது நாலு வீட்டுக்குக் கேக்குற மாதிரி சத்தம் போடும்."

கண் மூடித் திறப்பதற்குள் லட்சுமி மூதேவியானாள். "அதான பார்த்தேன்," என்றார் அந்த அம்மா, மடியில் ஒட்டியிருந்த மயிரைத் தட்டிவிட்டுக்கொண்டு. "வந்ததுலேருந்து ஒரு மாதிரியா மொறச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கலரப் பார்த்தாலே தெரியுதே." அதைச் சொல்லும்போது பார்த்தது பூனையை அல்ல. அப்பாவிடம் திரும்பி, "பொண்ண நல்லா வளத்திருக்கீங்க" என்றார். அப்பா எழுந்து நின்று கைகூப்பினார்.

வாசல் வரை வந்தது அந்த மாப்பிள்ளை ஒருவர்தான். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பக்கவாட்டில் பேனாவால் குத்தி, விரலால் கிழித்துப் பெரிதாக்கி ஓட்டை போட்டுக் கொடுத்தார். "அது ஒழுங்கா சாப்பிடவே இல்லீங்க. நான் அம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன்" என்றார். நல்ல மனிதர்தான். சொல்லிப் பார்க்கிற அளவுக்கு நல்ல மனிதர். சலங்கையை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பூனையைப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை நான் முன்னாலும் அப்பா பின்னாலுமாக நடந்தோம். கடலூர் வண்டியில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் பெட்டியை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் அப்படியொரு கோபம். அழுகையும் வந்தது. எனக்காகத்தான் செய்தார் என்பது தெரிந்திருந்ததால் அழக்கூட நிம்மதியாக முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது, பூனை ஓட்டை வழியாகக் கையை வெளியே விட்டு அப்பாவின் மணிக்கட்டில் ஒரு கீறு கீறியது. ரத்தம் வந்துவிட்டது. அப்பா பெட்டியை நகர்த்தவில்லை, கையையும் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"இன்னா சார், இந்த கலரா? இதுக்குக் கோவம் ஜாஸ்தியாச்சே. இதப் போயி தூக்கிட்டுப் போறீங்களே."

"கலருக்கும் கோவத்துக்கும் சம்பந்தமில்லீங்க" என்றார் அப்பா. அவர் குரல் இரைச்சலை மீறிக் கேட்டது. "நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சாக்குல கட்டிக் கொண்டாந்து இங்க விட்டேன். அதான் என் மேல கோவமா இருக்கு." என் பக்கம் திரும்பாமலே, அந்த ஆளிடமே சொன்னார்: "எம் பொண்ணும்தான்."